ஒன்னட்டியின் எல்லைக்கல்

எங்களை மறித்தவர்கள் நாலு பேர். ஒருவர் கையிலும் கம்போ அரிவாளோ இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பாதைக்குக் குறுக்கே நின்றார்கள். மூடுபனி இடுப்பளவுக்குப் படுத்திருந்தது. அவர்கள் காலடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதன்மேல் முந்தின நாள் பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை.

"போகக் கூடாதுங்க," என்றார் நடுவில் நின்ற பெரியவர். சித்தய்யன் என்று பெயர். அந்த ஊருக்கு அவர் சொல்தான் சொல். முதல் நாள் ராத்திரி தன் வீட்டில் எங்களுக்குக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டவரும் அவரேதான்.

"நாங்க விருந்துக்கு வந்த ஒறம்பரைங்க. பாக்க வந்தோம், பாத்தாச்சு, பொறப்பட்டோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒறம்பரைதானுங்க. ஆனா கையில காப்பு இருக்குதுங்களே."

என் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் நனைத்த நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வலது கையிலும் அதே.

"அவுத்துக் குடுத்துட்டுப் போயிடறோமுங்க," என்றேன்.

மூன்று பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். பெரியவர் மட்டும் நகரவில்லை. "அந்த வார்த்தை வேண்டாமுங்கம்மா. அஞ்சு ராத்திரி. ஆறாம் நாள் காலையில அம்மன் முன்னால நாங்களே அறுத்து உடறோம். அதுவரைக்கும் காப்புக் கட்டின ஆளு எல்லைக்கு அக்கட்டால ராத்தங்கக் கூடாது."

அஞ்சு ராத்திரி. கீழே அந்தியூரில், என் அக்கா வீட்டில், ஏழு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தேன். நாளைக்கு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தேன். அக்கா சங்கில் ஊற்றுகிற பசும்பாலில் ஒரு நாளைச் சமாளிப்பான், அதற்கு மேல் என் பாலைத் தவிர எதையும் குடிக்க மாட்டான்.

எவனும் போகாத ஊர்

குழந்தையை விட்டுவிட்டு மலையேறினாளா, இவளும் ஒரு தாயா என்று இதைப் படிக்கிற சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். நானே என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அந்த நாளில் லீவு விட்டால் மற்ற வாத்தியார்கள் மாமனார் வீட்டுக்குப் போவார்கள். வசதியுள்ளவர்கள் ஊட்டிக்குப் போவார்கள். இவருக்கு ஊட்டி பிடிக்காது. "அது துரைமாருக ஊரு. எவனும் போகாத ஊருக்குப் போகோணும்," என்பார். மலை மேல் முப்பது நாற்பது வீடு, ஒரு சந்தைத் திடல், ஒரு கோயில் இருந்தால் போதும். பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக் கூரையை எப்படி வேய்கிறார்கள், சுனைத் தண்ணீரை மூங்கிலைப் பிளந்து எப்படி வாசல்வரைக்கும் கொண்டுவருகிறார்கள், மாட்டுக் கழுத்து மணியை எந்த மரத்தில் குடைகிறார்கள் என்று வரைந்துகொண்டு வருவார்.

வந்து எனக்குக் காட்டுவார். நான் அடுப்பை ஊதிக்கொண்டே பார்ப்பேன். மூன்று வருஷம் பார்த்தேன். நாலாவது வருஷம் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டேன்.

"படத்துல பாத்தது போதுமுங்க. நானும் வாரேன்."

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டா?"

"அக்கா ஊட்டுல ஒரு நாள் உட்டுட்டு வாரேன். ஒரே ஒரு நாள்."

அடம் பிடித்தது நான்தான். அவர் பேரில் பழி போட மாட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டே போயிருக்கலாமே என்றால், மலைக்காய்ச்சல் பயம். பெரியவர்களையே வாரிக்கொண்டு போகிற காய்ச்சல் அது. ஏழு மாதப் பிள்ளையை அந்தக் கொசுவுக்கு நடுவில் எப்படிக் கொண்டுபோவது?

பூஜை லீவில் ஈரோடு வரைக்கும் ரயில், அந்தியூருக்கு பஸ், அங்கிருந்து அடிவாரத்துக்கு மாட்டு வண்டி, அப்புறம் அரைநாள் நடை. ஒன்னட்டி என்று ஊர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள். அந்தியூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்களானபடியால் நம் பேச்சு அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஏறிப்போய் நின்றபோது எனக்குக் கால் வலியே தெரியவில்லை. செவலையும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கிற மாடுகள் சரிவெல்லாம் மேய்ந்தன. சாணிப் புகையும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு வாசனை. எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஒழுகுகிற சத்தம். நான் சிரித்துக்கொண்டே நின்றேனாம். அவர் பிற்பாடு சொன்னார்.

தட்டை நீட்டிவிட்டால்

அன்றைக்கு அந்த ஊரில் நோம்பி சாட்டுகிற நாள், அம்மன் திருவிழா தொடங்குகிற நாள் என்று எங்களுக்குத் தெரியாது. பொழுது சாய்கிற நேரத்தில் பறை அடித்தார்கள். ஆண்கள் வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். பட்டி மாடுகளைப் புகைக்கு நடுவே ஓட்டினார்கள். அவர் வரைந்து தள்ளினார். அப்புறம் சித்தய்யன் ஒரு பித்தளைத் தட்டோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். தட்டில் மஞ்சள் நூல்கள்.

நம் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியுமல்லவா? மரியாதை செய்கிறவர் தட்டை நீட்டிவிட்டால் முடிந்தது. இது எதற்கு, என்ன கட்டுப்பாடு என்று கேட்கிறதே அவமரியாதை. வயிறு முட்டத் தின்ற பிறகும் இன்னொரு கரண்டி போட்டால் இலையை மறைக்க மாட்டோம். என் வீட்டுக்காரர் அதிலும் ஒரு படி மேலே. கையை நீட்டிவிட்டார். புருஷன் நீட்டின பிறகு நான் இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்குமா? நானும் நீட்டினேன்.

காப்பு என்றால் என்ன என்று தெரியாதவளா நான்? எங்கள் ஊர் மாரியம்மனுக்கும் காப்புக் கட்டுவோம். உள்ளூர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் அந்தக் கட்டு உள்ளூர்க்காரர்களுக்குத்தான். வந்த விருந்தாளிக்குக் கட்டுகிற கயிறு வெறும் மரியாதைக்கு. எல்லை தாண்டியதும் அவிழ்த்து ஒரு வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கேயும் அப்படித்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒன்னட்டியில் அப்படி இல்லை. நூல் கட்டுகிற நேரத்தில் யார் எல்லைக்குள் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் அந்த அம்மனின் ஆட்கள்.

"எங்க தலைக்கு வாரது வரட்டுமுங்க, நாங்க எறங்கறோம்," என்றார் என் வீட்டுக்காரர், மறுநாள் காலை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு.

"உங்க தலைக்கு வந்தா பரவால்லீங்களே," என்றார் சித்தய்யன். குரல் உயரவே இல்லை. "முன்ன ஒரு தடவை தேன் யாவாரி ஒருத்தர் காப்போட எறங்கிப் போயிட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலைங்க. எங்க பட்டியில கோமாரி உழுந்து பாதி மாடு போச்சு. நாங்க உங்க கையைப் புடிச்சு இழுக்க மாட்டோம். இந்தக் கல்லுக்கிட்ட படுத்துக்குவோம். தாண்டிப் போகோணும்னா எங்களை மிதிச்சுட்டுப் போங்க."

சொன்னபடியே ஒருவர் கம்பளியை விரிக்க ஆரம்பித்தார். மனுஷனை மிதித்துக்கொண்டு போகிற ஜாதியா நாங்கள்? திரும்பி நடந்தோம்.

வழி நெடுக நான் வாயை மூடவில்லை. "ஒரு எடத்துலயாச்சும் வேண்டாமுன்னு சொல்லத் தெரியுமாங்க உங்களுக்கு? எம் புள்ளை அங்க தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருப்பான். நீங்க மணியும் மாடும் வரைஞ்சுக்கிட்டு இருங்க." அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஆட்டுக்குட்டி என்று நினைத்தது

பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் பால் கொடுக்காமல் இருந்தால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். எனக்கு அக்குள் வரைக்கும் வலி. சித்தய்யன் வீட்டுப் பின்புறம், தொழுவத்து ஓரமாக உட்கார்ந்து, மண்ணில் பீய்ச்சிவிட்டுக்கொண்டே அழுதேன். அது ராசுவின் பால். என் பிள்ளை பேர் ராசு.

விடியற்காலையிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டுக்குட்டி என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது குழந்தை. தெரிந்த நிமிஷமே என் ரவிக்கை நனைந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகச் சுரந்தது.

சித்தய்யன் சம்சாரம் கெம்பம்மா சாணிக் கூடையோடு வந்தவள், என் ரவிக்கையைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"ஐயோ," என்றாள். வேலிக்கு அப்பால் தனியாக இருந்த ஒரு கூரையைக் காட்டினாள். "அது மாரன் ஊடு. பொண்டாட்டி பெத்துப்போட்டுப் போய்ச் சேந்துட்டா. இன்னிக்குப் பத்து நாளு. ஊருல இப்பப் பாலு குடுக்கறவ ஒருத்தியும் இல்லை. எம் மருமகளுக்கு மாசம் நெறைஞ்சிருக்குது, இன்னும் பொறக்கலை. அவன் ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு வெக்கறான். உள்ள நிக்க மாட்டேங்குது."

எழுந்து வேலியருகே போனேன். வாசலில் ஓர் ஆள், இருபத்தைந்து வயசிருக்கும், புருவத்தில் வெட்டுத் தழும்பு, மடியில் ஒரு கைப்பிடித் துணி. அதற்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம். தீட்டு வீடு என்பதால் அவனுக்கு மட்டும் ஊரில் காப்புக் கட்டவில்லை.

"குடு," என்று கையை நீட்டினேன்.

சித்தய்யன் எங்கிருந்தோ ஓடிவந்தார். "அம்மா, காப்புக் கை தீட்டு ஊட்டுப் புள்ளையைத் தொடக் கூடாதுங்க."

நான் அவரைத் திட்டியிருப்பேன். அதற்குள் கெம்பம்மா தன் முந்தானையில் ஒரு துண்டைப் பல்லால் கிழித்தாள். என் மணிக்கட்டில், கயிற்றுக்கு மேலே, நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "இப்ப அம்மன் பாக்கலை," என்றாள், புருஷனைப் பார்த்து. அவர் கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்தார், வானத்தை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் வேறு வேலை இருக்கிற மாதிரி நடந்து போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "துணியைச் சுத்துனா அம்மன் பாக்க மாட்டான்னா, இதோடயே நான் எறங்கிப் போயிருக்கலாமே?"

"பாலுக்குக் கண்ணை மூடிக்குவா. ஓடறதுக்கு மூட மாட்டா," என்றாள் கெம்பம்மா.

குழந்தையை மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒரு முறத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை. கையில் எடுத்தால் கனமே இல்லை. முதலில் சப்பத் தெரியவில்லை. நானே ரெண்டு சொட்டு வாயில் விட்டேன். அப்புறம் பிடித்துக்கொண்டது. எனக்கு வலி குறைந்தது. மனசு மட்டும் ஆறவில்லை. ராசுவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குழந்தையின் முகத்தை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

அழுகை நின்றதும் மாரன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். பத்து நாளாக யாரோடும் பேசவில்லையாம்.

"உங்க புள்ளை எங்க இருக்குதுங்கம்மா? ஊட்டைச் சொல்லுங்க. எனக்குக் காப்பு இல்லை. போயிட்டு வாரேன்."

படம் போட்ட கடுதாசி

மலைக்காய்ச்சல் ஞாபகம் வந்தது. கொண்டுவரச் சொன்னால் காய்ச்சல், சொல்லாவிட்டால் பட்டினி. அரை நிமிஷம் யோசித்தேன். "கொண்டா," என்றேன்.

ஆனால் முன்பின் தெரியாத மலையாள் ஒருவன் வாசலில் வந்து நின்று குழந்தையைக் கொடு என்றால் எந்த அக்கா கொடுப்பாள்? என் அக்காவுக்குப் படிக்கவும் தெரியாது. அவள் வீட்டுக்காரர் மஞ்சள் ஏலத்துக்கு ஈரோட்டுக்குப் போயிருந்தார். கடுதாசியை யார் படித்துச் சொல்வார்கள்?

என் வீட்டுக்காரர் நோட்டை எடுத்தார். மாரனை வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். புருவத்துத் தழும்பு, காதுக் கடுக்கன், தாடையில் வளர்ந்திருந்த துக்கத் தாடி, எல்லாவற்றையும் வரைந்தார். அவன் இடுப்பில் ஒரு குழந்தையை வரைந்தார். அடியில் என் முகத்தையும், என் நெற்றிப் பொட்டோடு. அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று நான் நினைக்கிறேன்.

மாரன் இறங்கினான். நடந்து போனால் சாயங்காலம் அந்தியூர். ராத்திரி யானைப் பாதையில் ஏற முடியாது. மறுநாள் காலை புறப்பட்டால் உச்சிக்கு இங்கே வந்துவிடலாம் என்று கணக்கு.

மறுநாள் உச்சி வந்தது. ஆள் வரவில்லை.

மாடு மேய்க்கிறவர்கள் வந்து, கீழ்த்திருப்பத்தில் யானைக்கூட்டம் நிற்கிறது என்றார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை, தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நான் காதில் வாங்கிவிட்டேன். ஊரில் பறை அடித்துக்கொண்டே இருந்தார்கள். மூடுபனி ஏறி வந்து எல்லைக்கல்லை மூடிவிட்டது. நான் மாரன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் வீட்டுக்காரர் நாலடி தள்ளி நின்றார்.

அக்கா கொடுக்க மாட்டேன் என்றிருந்தால்? கொடுத்திருந்து, வழியில் யானை என்றால்? அந்த மனுஷன் தனியாக என்றால் மரத்தில் ஏறிக்கொள்வான். கையில் பிள்ளை இருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. கையிலிருந்த குழந்தை பசியில் முனகியது. அங்கேயே கல்லோரமாக உட்கார்ந்து பால் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அதன் முகத்தைப் பார்த்தேன். புருவம் அப்படியே அப்பனுடையது.

பொழுது இறங்குகிற நேரம். பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது ஆள் இல்லை, குரல்.

"எவன்டா இந்த மலையைக் கொண்டாந்து இங்க வெச்சது? இவளுக்கு ஊருல இல்லாத காத்தா இங்க அடிக்குது?"

என் அக்கா. புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தாள். அவளுக்கு முன்னால் மாரன். அவன் தோளில், கம்பளிக்குள், ராசு.

கல்லுக்கு இந்தப் பக்கம்

மாரன் என் முன்னால் வந்து நின்றான். அவன் பிள்ளை என் கையில், என் பிள்ளை அவன் கையில். ரெண்டு பேருக்கும் வாங்கிக்கொள்ளக் கை இல்லை. என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து ராசுவை வாங்கினார். ராசு என்னைப் பார்த்தான், என் கையில் இன்னொன்று இருப்பதைப் பார்த்தான், மலையே கிடுகிடுக்கிற மாதிரி கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டு நான் சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன்.

அக்கா கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். "உள்ள வந்தா எனக்கும் ஒண்ணைக் கட்டிப்போடுவாங்க. நான் வரலை." கட்டுகிற நேரம் முடிந்துவிட்டது என்று சித்தய்யன் மூன்று தடவை சொன்ன பிறகுதான் காலெடுத்து வைத்தாள்.

"படம் அச்சா அப்படியே இருந்துச்சு கண்ணு," என்றாள் ராத்திரி களி தின்னும்போது. "ஆனா ஆளு நல்லவனான்னு படம் சொல்லுமா? அதான் நானும் வந்துபோட்டேன். யானை நின்ன எடத்துல அஞ்சாறு நாழிகை பொதருக்குள்ள உக்காந்திருந்தோம். இவன் அழுதுறக் கூடாதுன்னு அந்த ஆளு வெரலைச் சப்பக் குடுத்துக்கிட்டே இருந்தான்."

அக்கா மறுநாளே மாரன் துணையோடு இறங்கிவிட்டாள். ராசுவுக்குக் காய்ச்சல் வரவில்லை. தினமும் பத்துத் தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆறாம் நாள் காலை அம்மன் முன்னால் வரிசையாக நின்றோம். சித்தய்யன் காப்பை அறுத்து ஓடைத் தண்ணீரில் விட்டார். கெம்பம்மா சுற்றிய துணியும் அதோடு போயிற்று. என் வீட்டுக்காரர் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தார். பள்ளிக்கூடம் திறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

"எந்திரி அம்மணி. வெயில் ஏறறதுக்குள்ள எறங்கிடலாம்."

நான் எழவில்லை. என் மடியில் மாரன் பெண் தூங்கிக்கொண்டிருந்தது.

"கெம்பம்மா மருமகளுக்கு வலி எடுக்கட்டுமுங்க," என்றேன்.

"எப்ப எடுக்கும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

நாலு நாளாக எறங்கோணும் எறங்கோணும் என்று அவரைப் பிய்த்துத் தின்றவள் நான். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கட்டின மூட்டையைப் பிரித்து பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்தே ஹெட்மாஸ்டருக்குத் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டாம் என்று சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை.

இன்னும் ஆறு நாள் இருந்தோம். மருமகளுக்குப் பையன் பிறந்தான். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் நன்றாக இறங்கியதும், கெம்பம்மா என் மடியிலிருந்து மாரன் பெண்ணை எடுத்து அவள் பக்கத்தில் போட்டாள். உடனே பிடித்துக்கொண்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று வாரக் குழந்தை எப்படித் திரும்பும்? இருந்தாலும் திரும்புமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே புறப்பட்டோம். மாரன் ராசுவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். பனியில்லாத காலை. எல்லைக்கல்லின் மேல் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. மறிக்க ஒருவரும் வரவில்லை.

நானாகத்தான் அங்கே, ஊர்ப் பக்கம் திரும்பி, நின்றேன். அவர் கீழேயிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டார்.